தற்செயலாக ஒரு மோதல் தேவை

எல்லாரும் சௌக்கியந்தானே? முழங்கால் வலிக்காரர்கள், சர்க்கரைக்காரர்கள், காலை மாத்திரையைப் போட்டோமா இல்லையா என்று டப்பாவையே முறைத்துக்கொண்டிருப்பவர்கள், எல்லாரும் நலமா? நான் ஏதோ இருக்கிறேன். என் வீட்டுக்கு அடியில் இருக்கிற தூண் என்னைவிட நன்றாக இருக்கிறது. அதற்கு அரசாங்கச் சான்றே உண்டு. எனக்கு அப்படி ஒன்றும் கிடையாது. அந்தச் சான்று வந்த கதையைத்தான் சொல்ல உட்கார்ந்தேன்.

எங்கள் கட்டிடம் நாலு மாடி. தரைத்தளத்தில் வீடு கிடையாது, வண்டி நிறுத்துகிற இடம். இரும்புத் தூண்கள்தாம் மொத்தக் கட்டிடத்தையும் தூக்கிக்கொண்டு நிற்கின்றன. மூலைத் தூணுக்கு நேர் மேலே, முதல் மாடியில், என் சமையலறை. தண்ணீர்த் தொட்டியின் வாய் அந்தத் தூணுக்குப் பக்கத்தில் இருப்பதால், தண்ணீர் லாரி சந்திலிருந்து பின்பக்கமாகத்தான் உள்ளே வரவேண்டும்.

லாரி பின்பக்கமாக வந்தால் நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா? இரண்டாம் மாடித் தையல்காரம்மா துணி உலர்த்துவதை விட்டுவிட்டு "வா, வா, வா, வந்துக்கிட்டே இரு" என்பார். மூன்றாம் மாடியில் இருந்த முன்னாள் வங்கி மேனேஜர் "ரைட்ல ஒடி, ரைட்ல ஒடி" என்பார். அவருடைய ரைட்டு லாரிக்காரருக்கு லெஃப்ட்டு. வாட்ச்மேன் லாரியின் முதுகில் படார் படார் என்று தட்டுவார். தட்டினால் வரச் சொல்கிறாரா, நிற்கச் சொல்கிறாரா என்று அவரைக் கேட்டால் "அது தட்டறதைப் பொறுத்தது" என்பார். நானும் என் பங்குக்குச் சமையலறை ஜன்னலிலிருந்து கரண்டியை நீட்டி "போதும், போதும்" என்பேன். லாரிக்காரர் மரியாதை தெரிந்த மனிதர். எல்லார் சொல்லையும் கேட்பார். கேட்டுக் கேட்டு, கடைசியில் தூணில் இடிப்பார். என் அலமாரியில் தட்டும் கிண்ணமும் கலகலவென்று ஆடும். குடத்தை எடுத்துக்கொண்டு நான் கிளம்புவேன்.

வருஷக்கணக்கில் இப்படி இடி வாங்கிய தூணில் இடுப்பு உயரத்தில் ஒரு குழி விழுந்தது. அப்புறம் லேசாக ஒரு வளைவு. ஒருநாள் என் சமையலறைச் சுவரில் கோடு போட்டதுபோல் விரிசல் ஓடியது. யாரோ புகார் கொடுக்க, வாரியம் வந்தது.

மோதல் தாங்கும் தூண்கள் வாரியம். முழுப் பெயரே அதுதான். அவர்களுடைய தலைமை அலுவலகத்தில் ஒரு தூண்கூடக் கிடையாதாம், முழுக்கச் சுவர்மேல் கட்டியதாம். எதற்கு வம்பு என்று முன்னோர்கள் யோசித்திருக்கிறார்கள்.

வந்தவர் பெரிய இன்ஜினியர். தூணைச் சுற்றி இரண்டு நடை நடந்துவிட்டு, எங்களையெல்லாம் கீழே கூப்பிட்டார்.

"இன்னொரு அடி விழுந்தா தாங்காது. எல்லாரும் காலி பண்ணுங்க. நாங்க தூணைச் சுத்தி நார்த் துணி ஒட்டிப் பலப்படுத்தி, சான்று கொடுத்த பிறகு திரும்பி வரலாம்."

"சான்று கிடைக்கலேன்னா?" என்று கேட்டேன்.

"மழைக்காலத்துக்குள்ள கிடைக்கலேன்னா கட்டிடத்தை இடிச்சிடுவோம்மா. கவலைப்படாதீங்க, இடிக்கறதுக்குத் தனி வாரியம் இருக்கு. நல்லாச் செய்வாங்க."

மூட்டை முடிச்சு கட்டி எல்லாரும் கிளம்பினார்கள். தையல்காரம்மா என் கையைப் பிடித்து, "சீக்கிரம் வந்துடுவோம்க்கா" என்றார். தையல் மெஷினை இறக்கும்போது அது கதவில் இடித்தது, அதற்கும் நாலு பேர் நாலு விதமாக வழி சொன்னார்கள்.

நானும் பெட்டி கட்டினேன். மகள் ஃபோன் செய்து, "இங்க வந்துடும்மா. ஹால்ல டிவிக்கும் ஜன்னலுக்கும் நடுவுல கட்டில் போட்டாச்சு" என்றாள். அந்த இடம் எனக்குத் தெரியும். செருப்பு அலமாரி இருந்த இடம். மருமகன் நல்ல பிள்ளை. நான் போனால் டிவி சத்தத்தைக் குறைப்பார். குறைத்துவிட்டேன் என்று எனக்குத் தெரிகிற மாதிரி உட்கார்ந்திருப்பார். ஒரு வாரம் தாங்கலாம். மிச்சக் காலம் முழுக்க என்றால்?

படியில் பெட்டியோடு இறங்கினேன். பெரிய இன்ஜினியர் வழியை மறித்தார்.

"நீங்க எங்க போறீங்க?"

"நீங்கதானே காலி பண்ணச் சொன்னீங்க தம்பி?"

"எல்லாரும் போயிட்டா எப்படி? விதிப்படி, சுமை தாங்கிக்கிட்டிருக்கற தூணுக்குத்தான் நிதி. மேல யாருமே இல்லேன்னா அது வெறும் தூண். வெறும் தூணுக்குத் துணி கிடையாது. ஒருத்தராவது இருக்கணும். நீங்கதான் கடைசியா இறங்கினீங்க. அதனால நீங்கதான் சுமை."

என் மாமியார் இதையே முப்பது வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் அரசாங்க முத்திரை இல்லாமல் சொன்னார்.

"தம்பி, பலப்படுத்தறதுக்குள்ள தூண் விழுந்துட்டா?"

"விழாது. அப்படியே விழுந்தாலும், சுமை இல்லைன்னு எழுதிக் கோப்பை மூடிடுவோம். உங்களுக்கு ஒரு சிரமமும் வராது."

பெட்டியைத் திரும்ப மேலே தூக்கினேன்.

துணி சுற்றுகிற வேலையைச் செய்தது ஒரு சின்ன இன்ஜினியர்ப் பெண். படிப்பு முடித்துச் சேர்ந்த புதிது. முதலில் தற்காலிகமாக முட்டுக் கொடுத்தார்கள். பிறகு தூணைத் தேய்த்துத் தேய்த்து வெள்ளி மாதிரி ஆக்கினார்கள். மேலே பிசின் தடவினார்கள். கண்ணாடி நாரில் நெய்த துணி ஒரு சுற்று, அதன்மேல் கறுப்பாக இன்னொரு துணி பல சுற்று.

"ஏம்மா, ரெண்டு துணி எதுக்கு?" என்று படியில் நின்று கேட்டேன்.

"கறுப்பு கார்பன் நாரும்மா. அது நேரா இரும்பைத் தொட்டா இரும்பு அரிச்சுப் போயிடும். நடுவுல கண்ணாடி நார் இருந்தா ரெண்டும் சண்டை போடாது."

"மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவுல புருஷன் மாதிரி."

"அந்த இடத்துல கண்ணாடி நார் நல்லா வேலை செய்யும்மா. புருஷங்களைப் பத்தி எனக்குத் தெரியாது" என்று சிரித்தாள். பிறகு ஒரு காசை எடுத்துத் தூணைச் சுற்றிலும் தட்டினாள். உள்ளே காற்றுக் குமிழ் இருந்தால் பொத்துப் பொத்தென்று கேட்குமாம். எங்கேயும் கேட்கவில்லை. டொக் டொக்கென்று ஒரே சத்தம். கெட்டிக்காரி. முட்டுக்கட்டைகளை எடுத்தார்கள். கட்டிடம் நின்றது.

"அப்ப சான்று?" என்று பெரிய இன்ஜினியரைக் கேட்டேன்.

அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார். "மோதல் தாங்கும்னு எழுதணும்னா, முதல்ல மோதல் நடக்கணும்மா."

"மோதிப் பாருங்களேன்."

"நாங்க மோதினா அது சோதனை. சோதனை வேற துறை. எங்க வாரியச் சட்டத்துல 'தற்செயலான மோதல்'னு இருக்கு. தற்செயலா யாராவது வந்து மோதணும், நாங்க அதைப் பார்க்கணும். அதுக்குத்தான் குழு."

மறுநாள் குழு வந்தது. நாற்காலிகள் வந்தன, பந்தல் வந்தது, மின்விசிறி வந்தது. குழு உட்கார்ந்து தற்செயலுக்குக் காத்திருந்தது.

இதற்கிடையே வாரியத்தின் இன்னொரு பிரிவு வந்து, தூணுக்கு மஞ்சளும் கறுப்பும் பட்டை அடித்து, மினுக்கு விளக்கு மாட்டிவிட்டுப் போனது. பலப்படுத்திய தூண் எல்லார் கண்ணிலும் படவேண்டும் என்பது அவர்கள் விதி. அரை மைல் தூரத்திலிருந்தே தெரிந்தது. சந்தில் திரும்புகிற சைக்கிள்கூட ஒதுங்கிப் போனது.

எனக்கும் விதிகள் இருந்தன. பகலில் கீழே இறங்கக்கூடாது. முதல்நாள் தேநீர்த் தட்டோடு இறங்கியதும் பெரிய இன்ஜினியர் எழுந்து நின்றுவிட்டார். "சுமை கீழே வந்துடுச்சு! இப்ப மோதல் நடந்தா செல்லாது! மேல அனுப்புங்க!" அதிலிருந்து கயிற்றில் கூடை கட்டி, ஜன்னல் வழியாகத் தேநீர் இறக்கினேன். ஒரு வாரம் காய்ச்சலில் படுத்து நான் கொஞ்சம் இளைத்தபோது, எடை பார்க்கும் இயந்திரத்தை அதே கூடையில் வைத்து மேலே அனுப்பினார்கள். "சுமை குறைஞ்சா கணக்கு மாறும்மா, நல்லாச் சாப்பிடுங்க" என்று கீழே இருந்து குரல். ஒன்று சொல்கிறேன், நான் சாப்பிட்டேனா என்று யாராவது கேட்டு அப்போது வெகுகாலம் ஆகியிருந்தது.

ராத்திரிகளில் மேலே மூன்று மாடியும் பூட்டிக் கிடக்கும். என் வீட்டுக் குழாயைத் திறந்தால் நாலாவது மாடி வரைக்கும் குழாய் முனகுகிறது கேட்கும். அதனால் விடிந்ததும் தலையை வாரிக்கொண்டு ஜன்னலுக்கு வந்துவிடுவேன். நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டால்தான் எனக்குக் காலை.

தண்ணீர் லாரி வந்தது. குழு நிமிர்ந்து உட்கார்ந்தது. லாரிக்காரர் கண்ணாடியைப் பார்த்தார், பின்னால் வந்தார், தூணுக்கு ஒரு முழம் முன்னால் பூனை மாதிரி நின்றார்.

பெரிய இன்ஜினியர் அவரிடம் போனார். "ஏம்பா, முன்னெல்லாம் நல்லா மோதுவியாமே?"

"அப்ப எல்லாரும் வழி சொல்லுவாங்க சார். இப்பதான் சொல்ல ஆளே இல்லையே. கண்ணாடியைப் பார்த்து வந்துட்டேன்."

"கண்ணாடியைக் கழட்டிடலாமா?"

"கழட்டுங்க. அப்படியே ஓட்டறதுக்கும் ஒரு ஆளைப் பாருங்க."

அடுத்த கூட்டத்தில் வழிகாட்டும் துணைக்குழு பிறந்தது. பழையபடி சுற்றி நின்று வழி சொல்வது அவர்கள் வேலை. ஆனால் அரசாங்க வழி அல்லவா? கடைநிலை ஆள் "இடது பக்கம்" என்று முன்மொழிவார். சின்ன இன்ஜினியர் அதை ஆமோதிக்க வேண்டும். பெரிய இன்ஜினியர் ஒப்புதல் தந்த பிறகுதான் லாரிக்காரர் காதுக்குப் போகும். முதல் ஒப்புதல் வருவதற்குள் லாரிக்காரர் இன்ஜினை அணைத்துவிட்டு, சாப்பிட்டு, ஸ்டியரிங் மேல் கையை வைத்துத் தூங்கிப்போனார்.

"இந்த அண்ணனை மோத வைக்கணும்னு நாம திட்டம் போட்டா, அது தற்செயல் ஆகாதே சார்?" என்று சின்ன இன்ஜினியர் கேட்டாள்.

"அதனாலதாம்மா திட்டமே இல்லாம செய்யறோம். வாரியத்தோட பலமே அதுதான்."

மழைக்காலம் நெருங்கியது. எனக்கோ மனசு இரண்டாகக் கிடந்தது. லாரி மோதாவிட்டால் வீடு போகும், செருப்பு அலமாரி இருந்த இடத்தில் கட்டில் காத்திருக்கிறது. மோதிவிட்டால் வீடு நிற்கும், நாற்காலிகள் போய்விடும். லாரி ஒவ்வொரு தடவை ஒரு முழம் முன்னால் நிற்கும்போதும் கட்டி வைத்த பெட்டியைத் திரும்பிப் பார்ப்பேன். கூடவே, நாளைக்கும் தேநீருக்குத் தண்ணீர் கூடுதலாக வைக்கலாம் என்றும் தோன்றும். இதை யாரிடம் சொல்வது?

கெடு முடிகிற நாளில் வாரியத்தின் இயக்குநரே வந்தார். புத்தம்புதுக் காரில். நிழல் இருக்கிற இடம் என்று பார்த்து, சரியாக மூலைத் தூணுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். பந்தலுக்குள் மைக் வைத்துப் பேசினார். நான் மேலே சுமையாக இருந்து கேட்டேன்.

"நண்பர்களே, இந்த வாரியம் தொடங்கிய நாள் முதல் நாம் பலப்படுத்திய ஒரு தூண்கூட மோதலில் விழுந்ததில்லை. ஏன்? ஒன்றின்மீதும் யாரும் மோதியதில்லை. இது நம் சாதனை. ஆனால் இதே காரணத்தால் இன்றுவரை ஒரு சான்றும் தர முடிந்ததில்லை. அதனால் நாம் பலப்படுத்திய கட்டிடங்கள் எல்லாவற்றையும் இடித்திருக்கிறோம். இடித்தவர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? எல்லாம் விழுந்த பிறகும் தூண் மட்டும் நிற்கிறது, எங்களால் சாய்க்கவே முடியவில்லை என்றார்கள். இதைவிட நம் தொழில்நுட்பத்துக்கு என்ன பெருமை வேண்டும்? ஆகவே இந்தக் கட்டிடத்தையும் நாம் கனத்த மனதோடு—"

அந்த நேரத்தில் சந்துமுனையில் லாரியின் ஹாரன் கேட்டது. தண்ணீர் நாள். லாரி பின்பக்கமாக உள்ளே வந்தது.

இயக்குநர் மைக்கை வைத்துக்கொண்டே, "ஐயோ, என் காரு!" என்றார்.

அவ்வளவுதான். ஒப்புதல், ஆமோதிப்பு எல்லாம் பறந்துபோயிற்று. "நிறுத்துப்பா!" "வா, வா, இன்னும் இடமிருக்கு!" "லெஃப்ட்ல ஒடி!" "அந்த லெஃப்ட் இல்ல, இந்த லெஃப்ட்!" "சாருக்கு வழி விடு!" யாரோ லாரி முதுகில் படார் படார் என்று தட்டினார்கள். "காரைப் பாரு, காரைப் பாரு!" என்று இயக்குநர் மைக்கிலேயே கத்த, லாரிக்காரர் காரைப் பார்த்துக் காருக்கு எதிர்ப்பக்கமாக ஒடித்தார்.

நான் ஜன்னலில் நின்றுகொண்டிருந்தேன். கட்டிடம் மறுபடி எங்கள் கட்டிடம் மாதிரி இருந்தது. கையில் கரண்டி இருந்தது. வாய் சும்மா இருக்குமா? "போதும், போதும்!" என்று நானும் கத்தினேன்.

திடீரென்று எல்லாச் சத்தமும் நின்றது. ஒரு தட்டும் ஆடவில்லை, ஒரு கிண்ணமும் அசையவில்லை. சரி, இந்தத் தடவையும் நின்றுவிட்டார் என்று நினைத்தேன். அப்புறம் கைதட்டல் கேட்டது.

விதியாவது ஒன்றாவது, படியிறங்கி ஓடினேன். லாரியின் பின்கம்பி ஓலை மாதிரிச் சுருண்டிருந்தது. தூணில் மஞ்சள் பட்டைமேல் நகம் பட்டதுபோல் ஒரு கீறல். சின்ன இன்ஜினியர் காசால் தட்டினாள். டொக் டொக். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. "ஒரு சுத்துகூடப் பிரியலம்மா" என்றாள்.

இயக்குநர் காரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இது தற்செயல்தானே?" என்றார்.

"யாரும் வேணும்னு செய்யல சார்," என்றார் பெரிய இன்ஜினியர். "நாம எல்லாரும் தடுக்கத்தானே பார்த்தோம்."

சான்று அங்கேயே கையெழுத்தானது. வாரியத்தின் முதல் சான்று. தூணைச் சுற்றி நின்று படம் எடுத்தார்கள். லாரிக்காரரையும் இழுத்து நிறுத்தினார்கள். நானும் ஓரமாகப் போய் நின்றேன்.

"சுமை படத்துல வேண்டாம்மா," என்றார் பெரிய இன்ஜினியர். "சுமை மேலதான் இருந்ததுன்னு அறிக்கையில எழுதியிருக்கோம்."

நகர்ந்துகொண்டேன்.

மறுநாள் நாற்காலிகளை மடக்கினார்கள். பந்தலைப் பிரித்தார்கள். சின்ன இன்ஜினியர் மட்டும் மேலே வந்தாள். அத்தனை நாளில் முதல் தடவையாக என் வீட்டுக்குள் வந்து, சமையலறை விரிசலைத் தடவிப் பார்த்தாள். இனி அது நீளாது என்றாள். தேநீரை உட்கார்ந்தே குடித்தாள்.

"அடுத்தது எங்கம்மா?"

"வேற ஊர்ல ஒரு தூண். எல்லாரும் காலி பண்ணிட்டுப் போயிட்டாங்களாம். சுமைக்கு ஆள் தேடிக்கிட்டிருக்காங்க."

"நான் வரட்டுமா?"

அவள் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். போகும்போது டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

எல்லாருக்கும் ஃபோன் செய்தேன். தையல்காரம்மா, "சந்தோஷம்க்கா! ஆனா பிள்ளைங்களை இங்கயே ஸ்கூல்ல சேர்த்துட்டோமே" என்றார். வங்கி மேனேஜர், "எழுத்துல கொடுத்திருக்காங்களா? பார்ப்போம், பார்ப்போம்" என்றார். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார். மகளிடமும் சொன்னேன்.

"அப்பாடா! வீடு தப்பிச்சுதா? ரொம்ப நல்லதும்மா," என்றாள். அதோடு, "அப்ப அந்தக் கட்டிலை எடுத்துடட்டுமா? வர்றவங்க எல்லாம் தடுக்கி விழறாங்க."

"எடுத்துடு கண்ணு. செருப்பு எங்க வைப்பீங்க பாவம்."

இப்போது என் வீடு பத்திரம். எந்த லாரி வந்து மோதினாலும் எனக்குத் தெரியக்கூடத் தெரியாது, அவ்வளவு பலம். மினுக்கு விளக்கு ராத்திரி முழுக்க எரிகிறது, யாரும் வருவதில்லை.

சரி, நானே பேசிக்கொண்டிருக்கிறேன். உங்கள் பக்கத்திலும் இப்படி ஏதாவது வாரியம், குழு, துணைக்குழு வந்து உட்கார்ந்திருக்கும். உங்களை என்னவென்று பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்? எதற்காகக் காத்திருந்தார்கள்? போகும்போது சொல்லிவிட்டுப் போனார்களா? எழுதுங்கள். சுருக்கமாக எழுதவேண்டாம், நீளமாகவே எழுதுங்கள். இங்கே குறுக்கே பேச யாரும் இல்லை.